3.3 வோல்ட் பலகை கணினியோடு பேச மறுத்தால்: சீரியல் இணைப்பில் பழுது காண ஒரு வழிகாட்டி

தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் சீரியல் இணைப்புக்கு வேண்டியவை மூன்றே கம்பிகள். ஆனாலும் மைக்ரோகன்ட்ரோலர் பழகத் தொடங்குவோரில் பெரும்பாலோர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். திரையில் ஒன்றுமே வராது, அல்லது பொருளற்ற குறிகள் கொட்டும். சில வேளைகளில் பலகை அனுப்புவது ஒழுங்காக வந்தும், கணினியில் தட்டுவது மட்டும் போய்ச் சேராது. உடனே நிரலைத் திருத்தத் தொடங்குவதுதான் பலரது வழக்கம். நிரலில் தவறு இருக்கலாம். ஆனால் நிரலுக்கும் திரைக்கும் இடையே சில்லின் கடிகாரம், டிஎக்ஸ் (தரவை அனுப்பும்) பின், கம்பி, யூஎஸ்பி-சீரியல் அடாப்டர், யூஎஸ்பி கேபிள், டிரைவர், டெர்மினல் மென்பொருள் என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியில் தெரியும் அறிகுறி ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கணினிப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கண்ணியும் சரியென்று அளந்து உறுதிசெய்த பிறகே அடுத்ததற்கு நகர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஏடிமெகா328பி சில்லு கொண்ட 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் அர்டுயினோ புரோ மினி பலகையையும், எஃப்டி232ஆர் சில்லு பொருத்திய அடாப்டரையும் வைத்துக்கொள்வோம். ஈஎஸ்பி8266, எஸ்டிஎம்32 போன்றவை எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே அவற்றையும் சொல்கிறேன். ஒரு மல்டிமீட்டரும் சில ஜம்பர் கம்பிகளும் இருந்தால் இதில் வரும் ஏறத்தாழ எல்லாச் சோதனைகளையும் செய்துவிடலாம்.

படி 1: அடாப்டரைத் தனியே சோதிக்கவும்

பலகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அடாப்டரை மட்டும் கணினியில் செருகவும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் காம் எண்ணோடு ஒரு புதிய வரி தோன்ற வேண்டும். லினக்ஸில் இவ்வகை அடாப்டர்கள் பெரும்பாலும் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரிலும், தனக்குள்ளேயே யூஎஸ்பி கொண்ட சில்லுகள் பெரும்பாலும் டிடிஒய்ஏசிஎம்0 என்ற பெயரிலும் வரும். ஒன்றுமே தோன்றாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். செல்போன் சார்ஜருடன் வரும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவுக் கம்பிகள் இருப்பதில்லை. அடாப்டரின் விளக்கு எரிகிறதே என்று அத்தகைய கேபிளை நம்பிவிடக் கூடாது.

பெயர் தோன்றியும் போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்றால், வேறொரு நிரல் அதை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கலாம். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் பயனர் டயல்அவுட் குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் அது செல்லும். உபுண்டு 22.04 பயன்படுத்துவோருக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், சிஎச்340 சில்லு கொண்ட அடாப்டரைப் பிரெய்ல் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். அடாப்டர் ஒரு கணம் தோன்றி உடனே மறைந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம்.

போர்ட் திறந்ததும், அடாப்டரின் டிஎக்ஸ் பின்னையும் ஆர்எக்ஸ் (தரவைப் பெறும்) பின்னையும் ஒரே ஜம்பர் கம்பியால் நேராக இணைத்துவிட்டு, டெர்மினலில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால், கேபிள், டிரைவர், அடாப்டர், டெர்மினல் ஆகிய நான்கும் நலமாக உள்ளன. டெர்மினலில் லோக்கல் எக்கோ, அதாவது தட்டியதைத் தானே திரையில் காட்டும் வசதி, அணைந்திருக்க வேண்டும். இல்லையெனில் கம்பியே இல்லாமலும் எழுத்துகள் தோன்றும். ஆகவே தட்டிக்கொண்டே கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள், எழுத்து வருவது அக்கணமே நிற்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. அனுப்புவதும் பெறுவதும் ஒரே சில்லாக இருப்பதால், பாட் ரேட் (நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) தவறாக இருந்தாலும், மின்னழுத்தம் பொருந்தாமல் இருந்தாலும் இதில் வெளிப்படாது. அவற்றை இனிவரும் படிகளில்தான் பிடிக்க முடியும்.

படி 2: இணைப்பதற்கு முன்னரே மின்னழுத்தத்தை அளக்கவும்

இந்தப் படியை மட்டும் எவரும் தாண்டிச் செல்லக் கூடாது. பிற தவறுகளில் நேரம்தான் வீணாகும். இங்கே தவறினால் சில்லு போய்விடும்.

சீரியல் என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு மின்னழுத்த முறைகளைக் குறிப்பிடுகிறோம். பழைய கணினிகளின் பின்புறமும் தொழிற்சாலைக் கருவிகளிலும் காணப்படும் ஒன்பது பின் போர்ட் ஆர்எஸ்-232 வகையைச் சேர்ந்தது. 1960களின் தரநிலையான இதில் 1 என்பது −3 முதல் −15 வோல்ட் வரையிலும், 0 என்பது +3 முதல் +15 வோல்ட் வரையிலும் அமையும். அதாவது மின்னழுத்தமும் மிகுதி, குறியும் தலைகீழ். இதை எந்த மைக்ரோகன்ட்ரோலர் பின்னோடும் நேராக இணைக்கக் கூடாது, இடையில் மேக்ஸ்3232 போன்ற ஒரு சில்லு வேண்டும். பெயரில் சிறு வேறுபாடே உள்ள பழைய மேக்ஸ்232, 5 வோல்ட்டில் இயங்குவதற்காக அமைந்தது, 3.3 வோல்ட் பலகைக்கு அது பொருந்தாது. மற்ற இரண்டு முறைகளும் 0 முதல் 5 வோல்ட் வரை, 0 முதல் 3.3 வோல்ட் வரை என அமைந்தவை. இவ்விரண்டிலும் தரவு ஏதும் போகாத வேளையில் கம்பி உயர் மின்னழுத்தத்தில் ஓய்ந்திருக்கும்.

ஓய்வில் உயர்ந்திருக்கும் இந்தப் பண்பே நமக்கு அளவுகோல். ஜம்பர் கம்பியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, கறுப்பு முனையை அடாப்டரின் கிரவுண்டிலும் (0 வோல்ட் பின்) சிவப்பு முனையை டிஎக்ஸ் பின்னிலும் வையுங்கள். 3.3 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் இணைக்கலாம். 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் இணைக்கக் கூடாது. எதிர்மறை எண் காட்டினால் உங்கள் கையில் இருப்பது ஆர்எஸ்-232 கேபிள்.

‘அடாப்டரில் 3.3, 5 என்று ஜம்பர் இருக்கிறதே, அதைச் சரியான பக்கம் வைத்துவிட்டேனே’ என்று கேட்கலாம். மலிவான சில அடாப்டர்களில் அந்த ஜம்பர், விசிசி (மின்சாரம் தரும்) பின்னில் வெளிவரும் மின்னழுத்தத்தை மட்டுமே மாற்றும். டிஎக்ஸ் பின் எப்போதும்போல 5 வோல்ட்டிலேயே துள்ளும். விசிசியை அளந்து 3.3 என்று கண்டு நிம்மதியடைவதால் பயனில்லை. அளக்க வேண்டியது டிஎக்ஸை.

உங்கள் சில்லின் பின் 5 வோல்ட்டைத் தாங்குமா என்பதை அதன் டேட்டாஷீட்டில்தான் பார்க்க வேண்டும். ராஸ்பெர்ரி பை பிகோவில் உள்ள ஆர்பி2040 சில்லு தாங்காது. ஏடிமெகா328பி சில்லில் எந்தப் பின்னும் விசிசியைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் உயரக் கூடாது, 3.3 வோல்ட்டில் ஓடும்போது அந்த எல்லை 3.8 வோல்ட். எஸ்டிஎம்32எஃப்103 சற்றே விசித்திரமானது: முதல் யூஆர்ட்டின் (சில்லுக்குள் சீரியல் தரவை அனுப்பிப் பெறும் பகுதி) பிஏ9, பிஏ10 பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும், இரண்டாம் யூஆர்ட்டின் பிஏ2, பிஏ3 பின்கள் தாங்கா. ஒரே சில்லில் ஒரு யூஆர்ட்டோடு நன்றாக ஓடிய அடாப்டர் மற்றொன்றைக் கெடுத்துவிட இடமுண்டு.

5 வோல்ட் அடாப்டர் மட்டுமே இருந்தால் இரண்டு மின்தடைகள் போதும். அடாப்டரின் டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகப் பலகையின் ஆர்எக்ஸுக்கும், அதே ஆர்எக்ஸிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கும் இணைத்தால், 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்காகிய 3.33 வோல்ட் பின்னுக்குச் செல்லும். 2 கிலோ ஓம் கையில் இல்லையென்றால் இரண்டு 1 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக வைத்துக்கொள்ளலாம். எதிர்த்திசையில், பலகையின் 3.3 வோல்ட்டை எஃப்டி232ஆர் போன்ற சில்லுகள் சிக்கலின்றி 1 என்று படித்துவிடும்.

படி 3: மூன்று கம்பிகள்

முதலில் இணைக்க வேண்டியது கிரவுண்ட். இரு பக்கமும் தனித்தனியே மின்சாரம் பெற்றாலும், ஒன்றின் 3.3 வோல்ட் மற்றொன்றுக்கும் 3.3 வோல்ட்டாகத் தெரிய வேண்டுமானால் அடித்தளம் பொதுவாக இருக்க வேண்டும். கிரவுண்ட் விட்டுப்போன இணைப்பு முழுமையாக ஊமையாகிவிடுவதும் இல்லை. அவ்வப்போது ஓரிரு எழுத்துகள் சரியாக வந்து ஆளைக் குழப்பும்.

அடுத்து, ஒன்றின் டிஎக்ஸ் மற்றொன்றின் ஆர்எக்ஸுக்குச் செல்ல வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் சில பலகைகளில் பின் பெயர்கள் எதிர்முனையின் பார்வையில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் டிஎக்ஸ் என்ற இடத்தில் எதிர்முனையின் டிஎக்ஸைத்தான் இணைக்க வேண்டும். அச்சை நம்ப முடியாதபோது மல்டிமீட்டரை நம்பலாம்: இணைக்கப்படாத நிலையில் உறுதியாக 3.3 வோல்ட்டில் நிற்கும் பின்தான் பெரும்பாலும் டிஎக்ஸ். இணைத்த பிறகு கம்பியில் 1.5 வோல்ட், 2 வோல்ட் என்று ஓர் இரண்டுங்கெட்டான் அளவு அசையாமல் நின்றால், இரண்டு டிஎக்ஸ் பின்கள் ஒரே கம்பியில் மோதிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். ஜிபிஎஸ் தொகுதி போன்ற ஒன்றை முன்பே அதே பின்களில் இணைத்துவிட்டு மறந்துவிடுவது இதற்கு வழக்கமான காரணம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலகையின் மின் இணைப்பைக் கழற்றிய பிறகும் அதன் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருப்பதைச் சில வேளைகளில் காணலாம். ஓய்வில் உயர்ந்து நிற்கும் அடாப்டரின் டிஎக்ஸிலிருந்து, ஆர்எக்ஸ் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாகச் சில்லுக்கு மின்சாரம் கசிந்து போவதே காரணம். அந்நிலையில் மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் சில்லு உண்மையாக ரீசெட் ஆவதில்லை. அரைகுறை மின்னழுத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்து, பிறகு விபரீதமாக நடந்துகொள்ளும். மறுதொடக்கம் செய்யும்போது அடாப்டரின் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள். அந்தக் கம்பியில் 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக நிலையாகவே வைத்துவிடுவதும் நல்ல பழக்கம். கசிவு குறையும், தவறான இணைப்பிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும்.

படி 4: பலகை பேசுகிறதா என்று மல்டிமீட்டரால் கேட்கவும்

திரை வெறுமையாக இருந்தால், பலகை பேசவில்லையா, பேசுவது வந்து சேரவில்லையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஆஸ்கி எண் 85-ஐ, அதாவது ஆங்கிலப் பெரிய எழுத்து யூ-வை, இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து அனுப்பும் இரண்டு வரி நிரல் ஒன்றை ஏற்றுங்கள். வரி முடிவுக் குறிகள் சேரக் கூடாது. 85 என்ற எண்ணின் எட்டு பிட்களும் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறுபவை. முன்னால் வரும் தொடக்க பிட் 0, பின்னால் வரும் நிறுத்த பிட் 1. ஆக, கம்பியில் சரிபாதி நேரம் 3.3 வோல்ட்டும் சரிபாதி நேரம் 0 வோல்ட்டும் மாறி மாறி வரும். மல்டிமீட்டர் அதன் சராசரியாகிய 1.65 வோல்ட்டைக் காட்டும்.

1.65 கண்டால் பலகை பேசுகிறது. 3.3-இலேயே நின்றால் யூஆர்ட் தயாராகியும் ஒன்றும் அனுப்பவில்லை, அல்லது நிரல் அந்த வரிக்கே வரவில்லை. 0 காட்டினாலோ எண் அலைந்துகொண்டிருந்தாலோ, அந்தப் பின் டிஎக்ஸாக அமைக்கப்படவே இல்லை. எஸ்டிஎம்32 போன்ற சில்லுகளில் பின்னின் மாற்றுப் பணியை அமைக்க மறப்பதும், அந்தத் தொகுதிக்குக் கடிகாரத்தைத் திறந்துவிட மறப்பதும் வழக்கமாக நேர்பவை.

படி 5: குப்பை எழுத்துகளும் கடிகாரமும்

பொருளற்ற குறிகள் வருவதைக் கண்டு சோர்ந்துபோக வேண்டாம். கம்பிகள் ஏறத்தாழ சரி என்பதற்கு அதுவே சான்று. முதலில் இருபுறமும் பாட் ரேட் ஒன்றா, எட்டு பிட், பாரிட்டி (பிழை காணும் கூடுதல் பிட்) இல்லை, ஒரு நிறுத்த பிட் என்ற அமைப்பு ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தும் குப்பைதான் வருகிறது என்றால், சில்லின் கடிகாரம் நிரல் எண்ணியிருக்கும் வேகத்தில் ஓடவில்லை.

யூஆர்ட் இணைப்பில் கடிகாரக் கம்பி என்று தனியாக இல்லை. பெறுபவர் தொடக்க பிட்டின் இறக்கத்தைக் கண்டதும் தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மாதிரி எடுக்கிறார். 9600 பாட் ரேட்டில் ஒரு பிட் 104 மைக்ரோ நொடி, 115200-இல் 8.68 மைக்ரோ நொடி. இரு கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாடு பிட்டுக்குப் பிட் கூடிக்கொண்டே போய், பத்தாவது பிட்டை அடையும்போது அரை பிட்டைத் தாண்டிவிட்டால் படிப்பது தவறும். கணக்குப்படி இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 5 விழுக்காடுதான் எல்லை; ஒவ்வொரு பக்கமும் 2 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

நம் 8 மெகாஹெர்ட்ஸ் பலகை இங்கேதான் பலரைக் கவிழ்க்கிறது. ஏடிமெகா328பி தன் கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்தே பாட் ரேட்டை உண்டாக்குகிறது. 8 மெகாஹெர்ட்ஸிலிருந்து 115200 கேட்டால், இரட்டை வேக முறையிலும் அதற்குக் கிடைப்பது 111111 மட்டுமே, பிழை 3.5 விழுக்காடு. எதிர்முனை துல்லியமாக இருந்தால் இது சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. 57600 கேட்டால் பிழை 2.1 விழுக்காடு. 38400, 9600 இரண்டிலும் 0.2 விழுக்காடுதான். எனவே இந்தப் பலகையில் 115200-ஐ விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை, 38400-க்கு இறங்கிவிடுவதே மேல்.

கடிகாரமே மொத்தமாகத் தவறியிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. ஒரு விளக்கை நொடிக்கு ஒருமுறை மாற்றும் நிரலை ஏற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை மாறினால், 16 மெகாஹெர்ட்ஸ் பலகைக்கென்று தொகுத்த நிரலை 8 மெகாஹெர்ட்ஸ் பலகையில் ஏற்றியிருக்கிறீர்கள்; 9600 என்று எழுதியது 4800-ஆக வெளிவரும். எட்டு நொடி ஆனால், அது கடையிலிருந்து வந்த புதுச் சில்லு. தொழிற்சாலை அமைப்பில் கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் (சில்லுக்குள் பதியும் அமைப்பு) இட்டிருப்பதால் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும், 9600 என்பது 1200-ஆகிவிடும். கிரிஸ்டல் இல்லாமல் உள் ஆஸிலேட்டரில் ஓட்டுபவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஏடிமெகா328பியின் உள் ஆஸிலேட்டருக்குத் தொழிற்சாலை தரும் உறுதி 10 விழுக்காட்டுக்குள் என்பதுதான். வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப அது நகரவும் செய்யும்.

ஈஎஸ்பி8266-இல் தொடக்கத்தில் சில வரிகள் குப்பையாக வந்து, பிறகு எல்லாம் சீராவது பழுதன்று. அதன் உள் ரோம் நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்று எண்ணி 115200-இல் பேசுகிறது. பலகைகளில் வழக்கமாக இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். விகிதப்படி அது 74880 ஆகிறது. டெர்மினலை 74880-க்கு மாற்றினால், சில்லு ஏன் ரீசெட் ஆனது என்பது உட்பட அந்த வரிகளைப் படிக்கலாம்.

படி 6: வருகிறது, போகவில்லை

பலகை அனுப்புவது தெளிவாக வந்து, நாம் அனுப்புவதற்கு மட்டும் பதில் இல்லையென்றால், கம்பியைத் தொடுவதற்கு முன் டெர்மினலின் அமைப்பைப் பாருங்கள். மினிகாம் என்ற டெர்மினல் மென்பொருளில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். மூன்று கம்பி இணைப்பில், அனுப்ப அனுமதி தரும் சிடிஎஸ் பின்னுக்கு எதுவும் வருவதில்லை. அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை என்று கணினி காத்துக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது வரி முடிவு. எண்டர் தட்டும்போது புட்டி என்ற டெர்மினல் மென்பொருள், வரித்தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் சிஆர் குறியை மட்டும் அனுப்புகிறது. ஈஎஸ்பி8266-இன் ஏடி கட்டளைகளோ சிஆர், எல்எஃப் (அடுத்த வரிக்கு நகரும் குறி) இரண்டையும் எதிர்பார்க்கின்றன. இரண்டும் வராதவரை கட்டளை முடியவில்லை என்றே சில்லு கருதும். உங்கள் சொந்த நிரல் எல்எஃப் வரும்வரை படிப்பதாக எழுதப்பட்டிருந்தாலும் இதே கதைதான்.

டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் பலகை ரீசெட் ஆனால், அடாப்டரின் டிடிஆர் பின் (டெர்மினல் திறந்ததை அறிவிக்கும் பின்) 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட்டுக்கு இணைந்துள்ளது என்று பொருள். நிரல் ஏற்றும் வசதிக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். தொல்லையாக இருந்தால் டிடிஆர் கம்பியைக் கழற்றிவிடலாம்.

படி 7: ஓடி ஓடி நிற்பது

சிறிது நேரம் ஒழுங்காக ஓடிப் பிறகு தொடக்கச் செய்தியே திரும்பத் திரும்ப வந்தால் மின்சாரத்தைத்தான் ஐயுற வேண்டும். எஃப்டி232ஆர் சில்லுக்குள் இருக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் 50 மில்லி ஆம்பியர் மட்டுமே தரும். புரோ மினிக்கு அது போதும். ஈஎஸ்பி8266 வைஃபையில் அனுப்பும்போது 300 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் சரிந்து சில்லு மறுபடி தொடங்கும். மல்டிமீட்டர் மெதுவானது, அந்தச் சரிவை அது காட்டாது, 3.3 என்றே சாதிக்கும். 500 மில்லி ஆம்பியராவது தரும் தனி ரெகுலேட்டரை வைத்து, சில்லின் அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் இடுங்கள். ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு உள்வரவு வெளிவரவைவிட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக வேண்டும் என்பதால், 3.7 வோல்ட் லித்தியம் மின்கலத்தோடு அதைச் சேர்த்தால் 3.3 வோல்ட் கிடைக்காது.

ரீசெட் ஆகாமல், நீண்ட வரிகளில் நடுநடுவே எழுத்துகள் மட்டும் காணாமல் போனால் அது நிரலின் பக்கம். ஏவிஆர் (ஏடிமெகா328பி போன்ற சில்லு கொண்ட) அர்டுயினோவின் பெறும் பஃபர், அதாவது வந்த தரவு காத்திருக்கும் இடம், 64 பைட். 115200-இல் அது ஆறு மில்லி நொடிக்குள் நிரம்பிவிடும். நிரல் அதற்குள் வந்து படிக்காவிட்டால் மீதி தொலைந்ததுதான். நிரலில் வைத்த நீண்ட டிலேக்களை (காத்திருப்புகளை) முதலில் தேடிப் பிடியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால், எட்டு வழி, 24 மெகாஹெர்ட்ஸ் மலிவு லாஜிக் அனலைசர் ஒன்றை வாங்கி, பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் அலையைப் பதிவுசெய்து, ஆகக் குறுகிய துடிப்பின் அகலத்தை அளங்கள். 104 மைக்ரோ நொடி இருக்க வேண்டிய இடத்தில் 96 இருந்தால், பலகை தான் சொல்வதைவிட வேகமாகப் பேசுகிறது. 10 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் அதன் உண்மையான பாட் ரேட் கிடைக்கும்.